சின்ன வீட்டுக்குப் போகிறோம், எதை எடுத்துப் போவது?

கேள்வி:

"எனக்கு 61 வயது, என் கணவருக்கு 66. இருபத்தெட்டு வருடமாக இருந்த தனி வீட்டை விற்றுவிட்டோம். கீழே ஹால், சமையலறை, ஓர் அறை. மாடியில் இரண்டு அறை, ஒரு ஸ்டோர் ரூம். இப்போது மகள் வீட்டுக்குப் பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், நாலாவது மாடியில், இரண்டு அறை உள்ள வீடு வாங்கியிருக்கிறோம். சாவி கைக்கு வந்துவிட்டது. பழைய வீட்டை மூன்று மாதத்துக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கலாம் என்று ஆல்பங்கள் இருக்கும் பெட்டியைத் திறந்தேன். சாயந்திரம் வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பொருளைக்கூட ஒதுக்கவில்லை. எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை, என் அம்மாவின் மர அலமாரி, நான் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தைக்கிற தையல் மெஷின், கணவரின் புத்தகங்கள், ஒரு ரேக் முழுக்க அவருடைய டூல்ஸ், வெளிநாட்டில் இருக்கும் மகன் விட்டுப்போன பெட்டிகள், எல்லாம் அப்படியே இருக்கின்றன. கணவர், 'எல்லாவற்றையும் லாரியில் ஏற்றுவோம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார். நான் எதையாவது ஒதுக்கி வைத்தால், ராத்திரி அதைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார். மேசையைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். 'எல்லாரும் வந்தால் எங்கே உட்காருவார்கள்?' என்றார். என்னிடம் பதில் இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எப்படி முடிவு செய்வது?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தோடு போய்விட்டதே என்று வருத்தப்படாதீர்கள். வீடு மாறுகிறவர்களோடு உட்கார்ந்து சாமான்களைப் பிரித்து, புது வீட்டில் அடுக்கிக் கொடுப்பது என் தொழில். முதல் நாள் பலருக்கும் இப்படித்தான் போகிறது. காரணம், பழைய வீட்டில் நின்றுகொண்டு முடிவெடுக்கப் பார்க்கிறோம். அங்கே நின்று பார்த்தால் எதுவுமே வேண்டாததாகத் தெரியாது. இருபத்தெட்டு வருடத்தில் ஒவ்வொரு சாமானும் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துவிட்டது. அந்த மூலை இருக்கும்வரை அந்தச் சாமானும் தேவைப்படுகிற மாதிரியே இருக்கும். முடிவைப் புது வீட்டில் நின்றுதான் எடுக்க வேண்டும். உங்கள் கையில் சாவி இருப்பது பெரிய வசதி.

அதனால் இந்த வாரம் பழைய வீட்டில் எதையும் தொடாதீர்கள். ஓர் அளவு டேப், நோட்டு, பென்சில், கொஞ்சம் மாஸ்கிங் டேப் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகப் புது வீட்டுக்குப் போங்கள். உங்கள் கணவர் கட்டாயம் வர வேண்டும். டூல்ஸ் வைத்திருக்கிற மனிதர், அளவெடுக்கிற வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

அளக்கும்போது சதுர அடியை நம்பாதீர்கள். பெரிய சாமான்கள் எல்லாம் சுவரை ஒட்டித்தான் நிற்கும், அதனால் சுவரின் நீளம்தான் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலு சுவரையும் கூட்டினால் 44 அடி. அறைக் கதவுக்கு 3 அடி, குளியலறைக் கதவுக்கு இரண்டரை, பால்கனிக் கதவுக்கு 5, ஜன்னலுக்கு 4 என்று கழித்தால் மிச்சம் இருபத்தொன்பதரை. அறைக் கதவு உள்பக்கம் திறந்து சாய்கிற சுவரில் எதையும் வைக்க முடியாது, அதில் இன்னொரு 3 அடி போகும். 5 அடிக் கட்டிலைத் தலைப்பக்கம் சுவரில் ஒட்டிப் போட்டு, இரண்டு பக்கமும் ஏறி இறங்க 2 அடி விட்டால் 9 அடி. இப்போது கையில் இருப்பது பதினேழரை அடி. அதுவும் ஒரே நீளமாகக் கிடைக்காது, துண்டு துண்டாக இருக்கும். மூலையில் ஓர் அலமாரியை நிறுத்தினால் பக்கத்துச் சுவரிலும் 2 அடியை அது சாப்பிட்டுவிடும். முடிவில் அந்த அறைக்கு ஓர் அலமாரி, ஒரு சின்ன மேசை, ஜன்னலுக்குக் கீழே உயரம் குறைந்த ஏதோ ஒன்று. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை இரண்டு அறைக்கும் ஹாலுக்கும் நீங்களே போட்டுப் பாருங்கள். பெரிய சாமான்களின் நீள அகலத்தைப் பழைய வீட்டில் குறித்துக்கொண்டு வந்து, மாஸ்கிங் டேப்பால் புது வீட்டுத் தரையில் கட்டம் போடுங்கள். கட்டில் இங்கே, சோபா இங்கே, பீரோ இங்கே. ஆள் நடக்கிற வழிக்கு 3 அடி விடுங்கள். போட்டு முடித்ததும் இரண்டு பேரும் அந்தக் கோடுகளை மிதிக்காமல் வீட்டுக்குள் நடந்து பாருங்கள். படுக்கையிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போங்கள். சமையலறையிலிருந்து கையில் தட்டோடு வருகிற மாதிரி ஹாலுக்கு வாருங்கள். எங்கே இடிக்கிறது என்று கால் சொல்லிவிடும். நீங்கள் வாயால் எத்தனை நாள் வாதாடினாலும் வராத தெளிவு உங்கள் கணவருக்கு அந்த நடையில் வந்துவிடும். அதற்காகத்தான் அவரும் வர வேண்டும் என்றேன்.

திரும்பும்போது லிஃப்ட்டையும் அளந்துகொண்டு வாருங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குடியிருப்பு லிஃப்ட்டுகளின் வாசல் பெரும்பாலும் 2 மீட்டர், அல்லது 2.1 மீட்டர் உயரம்தான் இருக்கும். 7 அடி அலமாரி என்றால் 213 சென்டிமீட்டர், நிமிர்த்தியபடி உள்ளே போகாது. சாய்த்துக் கொண்டுபோக லிஃப்ட்டுக்குள் ஆழம் வேண்டும். இல்லையென்றால் படிக்கட்டுதான். படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவின் அலமாரியை எடுத்துப் போவதா என்ற கேள்விக்கு முதல் பதில் இங்கேதான் இருக்கிறது. அதைக் கழற்றிப் பூட்ட முடியுமா என்று ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நல்ல மரத்தில் செய்ததைப் பக்குவமாகக் கழற்றினால் திரும்ப உறுதியாக நிற்கும். பார்ட்டிகிள் போர்டில், அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகையில் செய்த சாமான்கள் அப்படி இல்லை. ஒரு தடவை கழற்றினாலே ஸ்க்ரூ பிடிமானம் தளர்ந்துவிடும், அடுத்த வீட்டில் ஆட ஆரம்பிக்கும். உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட ரேக்கோ கம்ப்யூட்டர் மேசையோ இருந்தால், அதை ஏற்றி இறக்கும் கூலி வீண்.

இப்போது அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். உங்கள் கணவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் மேசை சுமார் 7 அடி நீளம், மூன்றரை அடி அகலம் இருக்கும். நாற்காலியைப் பின்னால் இழுத்து உட்காரவும், ஆள் கடந்து போகவும் சுற்றிலும் 3 அடியாவது வேண்டும். அப்படியென்றால் பதின்மூன்றுக்கு ஒன்பதரை அடி இடம். உங்கள் புது வீட்டில் அது கிட்டத்தட்ட ஹால் முழுவதும் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலும் இந்த இடத்தில், மேசையை விட்டுவிட்டு நாலு பேர் மேசை ஒன்று வாங்குங்கள் என்றுதான் சொல்வார்கள். இழுத்தால் நீள்கிற மேசையாகப் பார்த்து வாங்கி, மடக்கு நாற்காலி நாலு வைத்துக்கொண்டால் எல்லாரும் வருகிற நாளைச் சமாளித்துவிடலாம். பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும். ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லாம் அந்த மேசையைச் சுற்றித்தான் நடக்கிறது என்றால், அதாவது சாப்பிடுவது, பேப்பர் படிப்பது, பேரப்பிள்ளைகள் வரைவது, நீங்கள் துணி வெட்டுவது எல்லாம் அதன் மேல்தான் என்றால், மேசையை வைத்துக்கொண்டு சோபாவை விட்டுவிடுங்கள். ஹாலில் சோபா இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சுவரோரம் முதுகு சாய்கிற மாதிரி இரண்டு நாற்காலி போட்டால் போதும். உங்கள் இருவரின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை எங்கே உட்காருகிறீர்கள்? அந்த இடத்தைக் காப்பாற்றுங்கள். வருடத்தில் இரண்டு நாள் வருகிற கூட்டத்துக்காக மிச்ச நாளெல்லாம் இடித்துக்கொண்டு நடக்க வேண்டாம்.

"அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நிலைமையில் இருந்த ஒரு தம்பதி அப்படித்தான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெட்டிகளை இரண்டாவது அறையில் அடுக்கினார்கள். பிரிக்கலாம் என்றால், பிரித்துப் பரப்ப அந்த வீட்டில் இடமே இல்லை. ஒரு பெட்டியைத் திறக்க நாலு பெட்டியை நகர்த்த வேண்டும். அதனால் திறக்கவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டபோது, மகள் பிள்ளைகளோடு வந்தால் ஹாலில் படுத்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்காகவே பார்த்து வாங்கிய அறை அது. பிரித்துப் போட்டுப் பார்க்க உங்களுக்கு இடம் இருப்பது இந்த மூன்று மாதம் மட்டும்தான். இதை உங்கள் கணவரிடம் இப்படியே சொல்லலாம். அவர் எதற்கோ பயந்துதான் தள்ளிப்போடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது, பிடிவாதமாகத் தெரியவில்லை.

கையில் இருப்பதை இழக்கிற அந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. 1990-ல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கு ஒரு காப்பிக் கோப்பையைச் சும்மா கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில், அதை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் சொன்ன விலை, வாங்க நினைத்தவர்கள் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே இப்படி என்றால், இருபத்தெட்டு வருடம் இருந்த சாமானுக்கு மனசு எவ்வளவு விலை சொல்லும்! கையில் இருப்பதே விலையை ஏற்றிவிடுகிறது. அதனால், "இது எனக்கு வேண்டுமா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "வேண்டும்" என்றுதான் வரும். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. புது வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது, இந்தப் பொருள் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக ஒரு வண்டி பிடித்துத் திரும்பி வந்து எடுத்துப் போவீர்களா? தையல் மெஷினுக்கு வருவீர்கள். மூன்றாவது சூட்கேசுக்கு வரமாட்டீர்கள்.

சரி, அப்புறம் எங்கே ஆரம்பிப்பது? மனசு ஒட்டாத இடத்தில். குளியலறை அலமாரி, மருந்து டப்பா, ஸ்டோர் ரூம், எந்தச் சாதனத்துக்கு என்று தெரியாத வயர்களும் சார்ஜர்களும், கிழிந்த பெட்ஷீட். அதற்கு அடுத்தது சமையலறை. ஒரே வேலைக்கு இரண்டு மூன்று இருப்பவற்றில் கை தானாகப் போகிற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேருக்குச் சமைக்கிற பாத்திரம் மகள் வீட்டில் இருக்கட்டும், பக்கத்தில்தானே இருக்கிறார்கள். துணியில் இன்றைய உடம்புக்குச் சேருவது மட்டும். பிறகு புத்தகம், காகிதம். நினைவுப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் கடைசி. ஆல்பத்தை நீங்கள் முதலில் திறந்ததுதான் அன்றைக்குச் சிக்கல். முடிவெடுப்பதும் உடம்பு வேலை போலவே களைப்பைத் தரும், பழகப் பழகச் சுலபமும் ஆகும். வயரில் ஆரம்பித்துப் பழகியவருக்கு ஆல்பத்துக்கு வரும்போது கை தயங்காது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், அதுவும் காலையில். களைத்த பிறகு எடுக்கிற முடிவெல்லாம் "இருக்கட்டும்" என்றே முடியும்.

ஒதுக்கியது அன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டும். ராத்திரி திரும்ப உள்ளே வருகிற கதைக்கு அதுதான் முடிவு. ஆனால் ஒரு நிபந்தனை: அவருடைய பொருளில் நீங்கள் கை வைக்கக் கூடாது.

இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். அவருக்குத் தெரியாமல் அவருடைய பொருள் ஒன்று போனால், மிச்சம் எல்லாவற்றையும் அவர் காவல் காக்க ஆரம்பித்துவிடுவார். இப்போதே அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குப் பதிலாக, அந்தத் தரைக் கோடுகளில் அவருக்கென்று ஓர் இடத்தைக் காட்டுங்கள். ஒரு 3 அடி அலமாரி, மேலிருந்து கீழ்வரை அவருடையது. "இது உங்க இடம். இதுல எதை வைக்கிறதுங்கறது உங்க இஷ்டம், நான் கேட்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்காமலும் இருங்கள். எது போக வேண்டும் என்று அடுத்தவர் சொல்லும்போது எதிர்க்கிற மனிதர், எது தங்க வேண்டும் என்று தானே பொறுக்கும்போது மிகக் கறாராக இருப்பார்.

டூல்ஸ் விஷயத்தில் இன்னும் ஒரு வார்த்தை. ஒரு ரேக் நிறைய டூல்ஸ் வைத்திருக்கிறவர், ஆணி வேறு, திருகு வேறு, வாஷர் வேறு என்று பழைய ஜாம் பாட்டில்களில் பிரித்து வைத்திருப்பார். வீட்டில் எது உடைந்தாலும் அவரைத்தான் கூப்பிட்டிருப்பீர்கள். அதை விடு என்றால், அந்த வேலையையே விடு என்று அவர் காதில் விழும். புது வீட்டிலும் குழாய் ஒழுகும், கதவு கீச்சிடும், மகள் வீட்டிலும் படம் மாட்ட ஆள் வேண்டும். டிரில்லிங் மெஷின் ஒன்று, ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர்கள், சுத்தியல், அளவு டேப், தினசரிக்குத் தேவையான பாட்டில்கள் தங்கட்டும். இரண்டாவது டிரில், பெரிய வைஸ், மரம் அறுக்கிற மெஷின் ஆகியவற்றுக்குத் தொழில் கற்றுக்கொள்கிற ஒரு பையனைத் தேடச் சொல்லுங்கள். பழைய சாமான் வாங்குபவருக்குப் போடச் சொன்னால் மறுக்கிறவர், நன்றாகப் பயன்படுத்துகிற ஒருவன் கைக்குப் போகிறது என்றால் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுப்பார்.

மகனின் பெட்டிகளில் எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்கள் பிரிக்கவே வேண்டாம். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். "இந்தத் தேதிக்குள்ள சொல்லுப்பா, உனக்குன்னு ஒரு பெட்டி அளவு இடம் இருக்கு" என்று ஒரு தேதியும் சேர்த்து எழுதுங்கள். சான்றிதழ்களை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அவை அவன் வரும்வரை உங்கள் பொறுப்பு. மகளுக்கும் இதே விதி. உங்கள் பொருள் எதையாவது பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்தால் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் மனம் நோகாதீர்கள். அவர்கள் வீட்டிலும் சுவர் அளவாகத்தான் இருக்கும். அந்த மேசையின் மேல் அவர்களுக்கு ஆசை இல்லை என்பதற்கு, அதில் உட்கார்ந்து வளர்ந்ததை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

இனி தையல் மெஷினும் அம்மாவின் அலமாரியும். தையல் மெஷினில் கேள்வியே இல்லை. வேலை செய்கிற நினைவுப் பொருளைவிட நல்ல நினைவுப் பொருள் கிடையாது. ஜன்னல் வெளிச்சம் விழுகிற சுவரில் முதலிலேயே அதற்கு ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். அலமாரி லிஃப்ட்டிலோ படியிலோ போகுமென்றால், படுக்கையறைக்கு வரும் அந்த ஒரே அலமாரியாக அதுவே இருக்கட்டும், பீரோவை விடுங்கள். புதிதாக ஒன்று வாங்குவதைவிட இது நல்லது. போகாது என்றால்? அதன் கதவு ஒன்றை எடுத்துத் தச்சரிடம் கொடுத்து ஒரு சின்ன ஸ்டூலோ கண்ணாடிச் சட்டமோ செய்துகொள்ளலாம். எனக்குத் தனிப்பட்ட முறையில் அது அவ்வளவு பிடிக்காது. நல்ல அலமாரி முழுசாக இன்னொரு குடும்பத்துக்குப் போவதுதான் அதற்கு மரியாதை. முடிவு உங்களுடையது.

அலமாரிக்குள் அம்மாவின் துணிகளும் இருக்கலாம், நீங்கள் எழுதவில்லை. அவற்றில் நீங்கள் உடுத்தப்போவதை, அல்லது தையல் மெஷினில் போட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு ஒன்று தைக்கப்போவதை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கொடுப்பதற்கு முன் விரித்து, நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். இது வெறும் ஆறுதலுக்குச் சொல்வதில்லை. கேரன் விண்ட்டரிச், ரெபெக்கா ரெச்செக், ஜூலி இர்வின் மூவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், நினைவோடு ஒட்டிய பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னபோது மக்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். பொருள் போனால் நினைவும் போய்விடும் என்ற பயம்தான் கையைப் பிடித்து இழுக்கிறது. படம் இருந்தால் அந்தப் பிடி தளர்கிறது. படத்தோடு இரண்டு வரி எழுதியும் வையுங்கள்: யாருடையது, எப்போது உடுத்தினார்கள் என்று. உங்களுக்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டு வரி இல்லாமல் அது வெறும் துணி.

ஆல்பங்களைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவையுங்கள், ஆனால் ஒரு விஷயத்தை இப்போதே பாருங்கள். பக்கங்களில் பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும் ஆல்பங்கள் இருந்தால், அந்தப் பசை படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டிருக்கும். அவற்றை வெளியே எடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு வராத படத்தை இழுக்காதீர்கள். டென்டல் ஃபிளாஸ் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு, ரம்பம் இழுப்பதைப் போல மெதுவாக இப்படியும் அப்படியும் இழுத்தால் பிரிந்து வரும். பின்பக்கம் பெயரும் வருடமும் எழுதப் பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும். மென்மையான பென்சிலால் எழுதுங்கள். மங்கியது, ஒரே காட்சி ஐந்து தடவை எடுத்தது, யார் என்று இருவருக்குமே தெரியாதது எல்லாம் போகட்டும். ஸ்கேன் செய்யக் கொடுத்தால் சின்னப் படங்களுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) கேளுங்கள். கோப்புகளுக்கு மூன்று பிரதி இருக்கட்டும், அதில் ஒன்று வேறு வீட்டில், மகளிடம் இருக்கட்டும். வீடியோ கேசட்டுகள் இருந்தால் அவைதான் எல்லாவற்றிலும் அவசரம். அந்த நாடா வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே வரும். அதை ஓட்டுகிற வி.சி.ஆர். மெஷினைத் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-ல் நிறுத்திவிட்டது. ஓட்டிப் பார்க்க மெஷின் கிடைப்பதே குறைந்துகொண்டு போகிறது. கல்யாண வீடியோவை இந்த மாதமே மாற்றக் கொடுங்கள்.

புத்தகங்களைப் பொறுத்தவரை, ஒரு மீட்டர் அடுக்கு சுமார் 30 கிலோ வரை வரும். கணவரின் புத்தகத்துக்கும் ஒரு சுவரை ஒதுக்கி, அதற்குள் பொறுக்க அவரிடமே விடுங்கள். அடுக்கும்போது சின்னப் பெட்டிகளாகப் போடுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் அடி பிய்ந்துவிடும், இல்லை தூக்குகிறவரின் இடுப்பு போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் முடிவெடுக்க முடியாதவை சில இருக்கும். இருக்கட்டும். அவற்றுக்கு மூன்று பெட்டி, அதற்கு மேல் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதி, ஆறு மாதம் கழித்து வருகிற ஒரு தேதியையும் எழுதி ஒட்டுங்கள். அந்தத் தேதிக்குள் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லையென்றால் பதில் கிடைத்துவிட்டது. வாடகைக்குக் கிடங்கு எடுத்து மிச்சத்தைப் போடுகிற யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எடுக்காத முடிவுக்கு மாதாமாதம் பணம் கட்டுவதுதான் அது.

உயரத்தில் ஏற்றி வைக்கிற எண்ணமும் வேண்டாம். புது வீட்டில் பரண் இருந்தால், சூட்கேஸ் மாதிரி வருடத்தில் ஒரு தடவை, மகனோ மருமகனோ வரும்போது எடுக்கிற சாமானுக்கு மட்டும் அது. ஸ்டூல் போட்டு ஏறி எடுக்க வேண்டிய பொருளை அறுபதைத் தாண்டியவர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், விழுந்து அடிபட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகிற வழியில் விரிப்போ, கூடையோ, வயரோ எதுவும் கிடக்கக் கூடாது.

பெரிய சாமான்களை எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும், அதனால் அளவெடுத்து வந்ததுமே சொல்லி வையுங்கள். விற்கிறீர்கள் என்றால் அந்தக் கோப்பைக் கதையை நினைவில் வைத்துக்கொண்டு விலை சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் போகாததைச் சும்மா கொடுத்துவிடுங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் சுத்தமாக, வேலை செய்கிற நிலையில் கொடுங்கள். பேட்டரிகளைக் குப்பையில் போடாதீர்கள், சில வகை நசுங்கினால் தீப்பிடிக்கும். காலாவதியான மருந்தைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், திரும்ப வாங்கிக்கொள்கிறார்களா என்று மருந்துக்கடையில் கேளுங்கள். பழைய போனைக் கொடுப்பதற்கு முன் அதில் இருப்பதை எல்லாம் அழித்துவிடுங்கள்.

காகிதங்களில் பிறப்பு, திருமண, கல்விச் சான்றிதழ்கள், இரண்டு வீட்டுப் பத்திரங்கள், ஓய்வூதியம், காப்பீடு, உயில், இருவரின் மருத்துவ அறிக்கைகள், இவை ஒரே பையில். பழைய வீட்டை விற்றது தொடர்பான காகிதங்களை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெப்பத்தில் அச்சாகும் பளபள ரசீதுகள் தானாக அழிந்துவிடும், வாரன்ட்டிக்கு வேண்டியதைப் படம் எடுத்துவிட்டுத் தூக்கிப் போடலாம். அந்தப் பை லாரியில் ஏறக் கூடாது, உங்கள் கையோடு வர வேண்டும். மருந்து, கண்ணாடி, சார்ஜர், இரண்டு நாள் துணி, படுக்கை விரிப்பு, ஒரு கத்தரிக்கோல், கணவரின் ஸ்க்ரூ டிரைவர், இவை இன்னொரு பையில். போனதும் முதலில் கட்டிலைப் பூட்டி, நீங்கள் எப்போதும் படுக்கிற பக்கத்திலேயே படுக்கிற மாதிரி விரித்துவிடுங்கள். மற்றதெல்லாம் மறுநாள் பிரிக்கலாம்.

ஃபிரிட்ஜை நிமிர்த்தியபடியே ஏற்றச் சொல்லுங்கள். வேறு வழியில்லாமல் சாய்த்திருந்தால், கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும். அது திரும்ப வடிகிற வரைக்கும் சில மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள், வழி முழுக்கப் படுக்கவைத்தே கொண்டுவந்திருந்தால் ஒரு நாள் விடுங்கள். அதற்குப் பிறகுதான் பிளக்கைப் போட வேண்டும்.